ஸாரி அக்கா சொல்லிப் பழகியது

எங்கள் சலவைப் பிரிவில் யாரும் யாரையும் பெற்றோர் வைத்த பெயரால் கூப்பிட்டதில்லை. அந்தப் பெரிய ஹோட்டலின் மேல்தளங்களில் எல்லோர் சட்டையிலும் பெயர் குத்தியிருக்கும். கீழே, ஜன்னல் இல்லாத அடித்தளத்தில், விருந்தினர்கள் எட்டிப் பார்க்கப் போவதில்லை என்பதால் எங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். இஸ்திரி போடுகிறவர் 'ஆவி'. நாள் முழுக்க நீராவி இயந்திரத்தோடு வேலை, நடந்து வந்தால் காலடிச் சத்தமும் கேட்காது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர். துண்டு மடிக்கிற நான் 'வானொலி'. காரணம் சொல்லத் தேவையில்லை. தையல் மேசையில் இருந்தவர் 'ஸாரி அக்கா'.

அக்கா எதற்கும் ஸாரி சொல்வார். நீங்கள் போய் அவர்மேல் இடித்தால் அவர் ஸாரி சொல்வார். தும்மினால் ஸாரி, உங்களுக்குத் தும்மல் வந்தாலும் ஸாரி. ஒருநாள் நாற்காலியில் முட்டிக்கொண்டு நாற்காலியிடம் ஸாரி சொன்னதை என் காதால் கேட்டேன். மின்சாரம் போனால், ஏதோ தான்தான் ஃபியூஸைப் பிடுங்கியதுபோல, இருட்டில் அவர் குரல் மெல்ல வரும்: "ஸாரி."

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. விருந்தினர்களின் கோட்டில் உள்துணி கிழிந்தால், ஜிப் மக்கர் செய்தால், கால்சட்டை நீளமாக இருந்தால் எல்லாம் அவரிடம் வரும். அவர் தைத்த இடம் எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைச் சொன்னால், "துணி நல்ல துணிம்மா" என்பார். பாராட்டைத் துணிக்குத் தள்ளிவிடுவார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். அவர் வீட்டில் ஐந்து பிள்ளைகள், இவர் நடுவில். அம்மா கொடுமைக்காரி இல்லை, களைத்துப் போனவர். "உன்னால ஒரு காரியம் உருப்படியா ஆகுமா?" என்பதை, மற்ற அம்மாக்கள் "சாப்பிட்டியா?" என்று கேட்பதுபோல, பழக்கத்தில் கேட்டுக்கொண்டே இருப்பாராம். வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தால் 'நான் இல்லை' என்று வாதாடினால் சண்டை சாயங்காலம்வரை நீளும். 'ஸாரிம்மா' என்றால் ஒரு குட்டோடு முடிந்துவிடும். சின்ன வயதிலேயே அக்கா அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டார். உடைத்தது யாராக இருந்தாலும் ஸாரி இவருடையது.

கல்யாணம் ஆன இடத்தில் யாரும் திட்டவில்லை. கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க அந்தரத்தில் ஒரு கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தாலும் அதே பழக்கம்தான். திட்டவும் வராது, பாராட்டவும் வராது. ஒரே மகனுக்கு வெளியூரில் வேலை. ஆக, அக்காவின் பழைய கணக்கைத் திருத்த ஆளே இல்லாமல் அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

வெல்வெட் விவகாரம் நடந்த அன்று எனக்கு விடுமுறை. பின்னால் பலரும் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன்.

நான்காம் மாடியில் தங்கியிருந்த ஒரு பாடகி, மேடைக்குப் போடும் கறுப்பு வெல்வெட் கவுனைக் கீழே அனுப்பியிருந்தார். அடி ஓரம் பிரிந்திருந்தது. அக்கா அதைத் தைத்து, கொக்கியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். வெல்வெட்டின்மேல் சூடான தட்டை வைத்து அழுத்தவே கூடாது. தள்ளிப் பிடித்து ஆவி காட்டினாலே சுருக்கம் போய்விடும். யாரோ அவசரத்தில் அழுத்திவிட்டார்கள். முன்பக்கத்தில், உள்ளங்கை அளவுக்கு, ரோமம் படுத்துப் பளபளவென்று ஒரு தழும்பு.

மேற்பார்வையாளர் மேடம் அந்தக் கவுனைக் கையில் ஏந்திக்கொண்டு படியிறங்கி வந்தார். மேலே அந்தப் பாடகியிடம் வாங்கிய பேச்சு முகத்தில் அப்படியே இருந்ததாம்.

"இது யார் வேலை?"

யாரும் வாய் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டார். "ஸாரி மேடம்."

"நீங்களா? இத்தனை வருஷ அனுபவம் இருந்தும் இப்படியா?"

"ஸாரி மேடம்."

"இனிமே விருந்தினர் துணி எதையும் நீங்க தொட வேண்டாம். துண்டு மடிக்கிற மேசைக்குப் போங்க."

அதற்கும் ஒரு ஸாரி சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார். ஆவி தன் இயந்திரத்தின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். அன்று அவர் துடைத்த துடைப்பில் அதில் முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது என்று ஒருத்தி சொன்னாள்.

மறுநாள் நான் வந்தபோது என் மேசையின் எதிர்ப்பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க வெல்வெட்டை அழுத்தினீங்களா?"

"இல்லம்மா. ஓரம் மட்டும்தான் தைச்சேன்."

"அப்புறம் எதுக்கு ஸாரி சொன்னீங்க?"

"வாய்ல வந்துருச்சு."

"போய் மாத்திச் சொல்லுங்க."

"சொன்ன பிறகு எப்படிம்மா மாத்துறது? விடு, பழகிடும். நீயும் யார்கிட்டயும் ஒலிபரப்பாதே." என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன் என்பதை என் வாழ்க்கைச் சாதனைகளில் ஒன்றாகவே சொல்லிக்கொள்வேன்.

பழகத்தான் செய்தது, ஆனால் வேறு மாதிரி. கொஞ்ச நாள் போனதும் அக்கா துண்டை மடித்தபடியே யோசிக்க ஆரம்பித்தார். "தைக்கறப்ப ஓரத்தைப் படிய வைக்கச் சின்ன இஸ்திரிப் பெட்டியை எடுத்தேனோ?" என்பார். இன்னும் கொஞ்ச நாள் கழித்து, "எடுத்த மாதிரிதான் ஞாபகம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டவர் இப்போது அதைச் செய்தது நினைவுக்கே வருகிறது என்கிறாரே! இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் அவருடைய நாத்தனார் வந்து சேர்ந்தார். முக க்ரீம் விற்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ ஒரு வாடகை அரங்கில் நடக்கும் தன்னம்பிக்கை வகுப்புக்குப் போய்வருவார். போய்வந்த சூட்டில் சொந்தக்காரர்கள் யார் வீட்டிலாவது அந்த வகுப்பை இன்னொரு தரம் நடத்துவார். நல்ல மனசுக்காரி. அண்ணியின் முகம் வாடியிருப்பதைப் பார்த்துவிட்டு, குளியலறைக் கண்ணாடியில் ஒரு அச்சடித்த தாளை ஒட்டினார்.

"அண்ணி, தினமும் காலைல கண்ணாடியில உங்க கண்ணையே பார்த்து இதைச் சொல்லணும். மனசுக்கு நாம எதைத் திரும்பத் திரும்பச் சொல்றோமோ அதுதான் நாம."

தாளில் இருந்தது: நான் ஒரு வெற்றியாளர். நான் ஒரு காந்தம், நல்லதெல்லாம் என்னை நோக்கி வருகிறது. பிரபஞ்சம் என்னை நேசிக்கிறது.

அக்கா சொன்னதைச் செய்கிறவர். மறுநாள் காலையே கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். 'நான் ஒரு காந்தம்' என்றதும், 'ஆமா, குண்டூசிதான் வந்து ஒட்டும்' என்று உள்ளே ஏதோ பதில் சொன்னதாம். தையல்காரி அல்லவா, காந்தம் என்றாலே தரையில் சிந்திய ஊசி பொறுக்குகிற ஞாபகம்தான். வெளியே கணவர் கதவைத் தட்டினார்.

"உள்ள யாரு?"

"நான்தாங்க."

"சரி. கூட யாரு?"

"யாருமில்லீங்க. ஸாரி."

அன்று கிரேனுக்குக் கிளம்பும்போது அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாராம்.

விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல மோசமாகத்தான் போயிற்று. 'நான் ஒரு வெற்றியாளர்' என்று வாய் சொல்லி முடிப்பதற்குள், அம்மாவின் குரலில் 'யாரு, நீயா?' என்று உள்ளே ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வியோடு வேலைக்கு வருவார். நாத்தனாரிடம் ஃபோனில் சொன்னதற்கு அவர், "சத்தம் பத்தலை அண்ணி. உள்ள இருக்கற குரலை அமுக்கற அளவுக்கு உரக்கச் சொல்லணும்" என்றார்.

வீட்டில் உரக்கச் சொல்ல முடியாது; அக்கம்பக்கம் என்ன நினைக்கும்? அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். ஆவியின் இயந்திரம் மூடி இறங்கி அழுத்தும்போது 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். பக்கத்தில் இடி இடித்தாலும் கேட்காது. துண்டுக் கூடையை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், சத்தம் வரும்போதெல்லாம் சொல்லிப் பழகினார். எங்களுக்கெல்லாம் அவர் வாய் அசைவது மட்டும் தெரியும். பாட்டு முணுமுணுக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

ஒருநாள் காலை இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. மொத்தப் பிரிவும் சட்டென்று அமைதியானது. அந்த அமைதியில் அக்காவின் குரல் கணீரென்று எழுந்தது:

"நான் ஒரு காந்தம்!"

விரிப்பைச் சுமந்துகொண்டிருந்தவர்கள் விரிப்போடு நின்றார்கள். பிறகு வந்த சிரிப்பு இருக்கிறதே, மேலே வரவேற்பறைவரை கேட்டிருக்கும். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் ஆவி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார். யாரோ ஒரு கரண்டியைக் கொண்டுவந்து அக்காவின் தோளில் ஒட்டிப் பார்த்தார்கள். அக்கா, "ஸாரி, ஸாரி" என்றபடியே உடை மாற்றும் அறைக்குப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார்.

"சிரிச்சதுகூடப் பரவால்லம்மா," என்றார். "அதைச் சொல்றப்பெல்லாம் பொய் சொல்ற மாதிரியே இருக்கு. பொய் சொன்னா எனக்கு அன்னைக்குச் சோறு இறங்காது. சின்ன வயசுலேர்ந்தே அப்படி."

"மெஷினைப் பார்க்க ஆள் வர்றாங்க, வாங்க" என்று மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை அவர் செய்ததைத் தனக்கே புரியாமல் செய்தது என்று சொல்வார். தாளைக் கிழித்துப் போடத்தான் குளியலறைக்குள் போனார். கிழித்தார். கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. பேசிப் பேசிப் பழகிவிட்டதால் சும்மா வரவும் மனமில்லை. பொய் இல்லாத ஒன்றைச் சொல்வோம் என்று, "எனக்குத் தைக்கத் தெரியும்" என்றார்.

சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து வர வேண்டிய பதிலுக்காகக் காத்திருந்தார். 'யாரு, நீயா?' வரவில்லை. இன்னும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அப்போதும் ஒரு பேச்சும் இல்லை. எதிராளி வாயடைத்துப் போனதைப் பார்த்த வக்கீல் மாதிரி அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "என் பிள்ளையை நான் நல்லபடியா வளர்த்தேன்" என்றார். அதற்கும் மறுப்பு இல்லை. "நான் வேலைக்கு நேரத்துக்குப் போறவ." சரி. "அந்த வெல்வெட்டை நான் அழுத்தல."

அந்த இடத்தில் நாக்கு தடுக்கியது. குளியலறைத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். அழுத்தினேனா, இல்லையா? கண்ணை மூடிக்கொண்டு அன்றைய தினத்தை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தார். கறுப்பு நூல் தீர்ந்துபோய் அலமாரியிலிருந்து புதுக் கண்டு எடுத்தது. ஓரத்தைக் கையாலேயே தைத்தது, வெல்வெட் என்பதால் இஸ்திரிப் பெட்டியின் பக்கமே போகாதது. கொக்கியில் மாட்டும்போது முன்பக்கத்தைத் தடவிப் பார்த்து, 'பூனைக்குட்டி மாதிரி இருக்கே' என்று நினைத்தது. தடவியபோது தழும்பு இல்லை.

எழுந்து நின்று மறுபடி சொன்னார். இந்தத் தடவை தடுக்கவில்லை.

அதற்குப்பிறகு தினமும் காலையில் அவர் சொன்னது அந்த மாதிரி வாக்கியங்களைத்தான். நாத்தனார் வந்தபோது தாளைக் காணாமல் விசாரித்தார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஏமாற்றம்.

"என்ன அண்ணி, தைக்கத் தெரியும், நேரத்துக்குப் போவேன்னு... ரொம்பச் சின்னதா இருக்கே. பிரபஞ்சத்துக்கிட்ட பெரிசாக் கேக்கணும்."

"பிரபஞ்சத்துக்கு ஆயிரம் வேலை இருக்கும். இது எனக்குச் சொல்லிக்கறது."

நாத்தனார் விடவில்லை, எப்படியும் தாளின் புண்ணியம்தான் இது என்று தன் வகுப்பில் அண்ணியை உதாரணமாகச் சொல்லிவிட்டார். அதிலும் தவறில்லை. அவர் தாளை ஒட்டாமல் இருந்திருந்தால் அக்கா கண்ணாடி முன்னால் வாயே திறந்திருக்க மாட்டார்.

சொல்லிச் சொல்லி வாய் பழகியதும் அந்த வாக்கியம் குளியலறைக்குள் அடங்க மறுத்தது. ஒருநாள் தேநீர் இடைவேளையில் அக்கா கோப்பையை வைத்துவிட்டு நேராக ஆவியிடம் போனார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அண்ணே, அந்த வெல்வெட்டை நான் அழுத்தல. நாளைக்கு மேடம்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்."

ஆவியின் முகம் சுண்டிவிட்டது. "இப்ப எதுக்கு தங்கச்சி பழசைக் கிளறுற? அந்தப் பாடகியே ஊரைவிட்டுப் போயாச்சு."

"அவங்க போயிட்டாங்க. நான் இங்கதானே இருக்கேன்."

"என் பேரைச் சொல்லப் போறியா?"

"நான் எதையும் கண்ணால பார்க்கலண்ணே. யார் பேரையும் சொல்ல மாட்டேன். நான் செய்யலன்னு மட்டும்தான் சொல்வேன்."

மறுநாள் சொன்னது போலவே படியேறினார். மேடம் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே கேட்டாராம்.

"அன்னைக்கு நீங்கதானே ஸாரி சொன்னீங்க?"

"சொன்னேன் மேடம். என் வாய் எப்பவும் முந்திக்கும். ஆனா அந்தத் துணியை நான் அழுத்தல."

"அப்ப யாரு?"

"தெரியாது மேடம். நான் சாப்பிடப் போயிருந்தேன். நான் இல்லங்கறது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

மேடம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "யோசிக்கறேன்" என்றார்.

பல நாள் எதுவும் நடக்கவில்லை. அக்கா துண்டு மடித்துக்கொண்டிருந்தார். ஆவி அவர் இருக்கும் திசைக்கே வரவில்லை. தண்ணீர் குடிக்கவும் சுற்றிக்கொண்டு போனார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னக்கா, ஒண்ணும் பலிக்கலையே?" என்றேன். "பலிக்கறதுக்கு இது என்ன மந்திரமா? சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன், நல்லாப் பசிக்குது" என்றார். உண்மைதான். அந்த நாட்களில் அவர் சாப்பாட்டு டப்பா காலியாகத்தான் திரும்பிப் போனது.

கடைசியில் ஆவிதான் மேலே போனார். யாரும் அவரை அழைக்கவில்லை. போய், "வெல்வெட்டை நான்தான் அழுத்தினேன்" என்று ஒப்புக்கொண்டுவிட்டு, "மெஷின்லயும் சூடு கொஞ்சம் கூடுதல்" என்று ஒரு வாலையும் சேர்த்தாராம். பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அவ என் பேரைச் சொல்லிருந்தா நான் இல்லவே இல்லன்னு சாதிச்சிருப்பேன். சொல்லாம விட்டா பாரு, அது தொண்டையில மீன்முள்ளு மாதிரி நின்னுடுச்சு. துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல."

அவரை ஒரு எச்சரிக்கையோடு விட்டார்கள். மேடம் கீழே வந்து அக்காவை எங்கள் மேசை ஓரமாகத் தனியே கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து தையல் மேசைக்கே போயிடுங்க" என்றார்.

அக்கா நகரவில்லை. "மேடம், அன்னைக்கு எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க. இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க."

மேடத்தின் காது சிவந்ததை நான் பார்த்தேன். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. மேடம் சொல்லவில்லை. ஆவி கையை நீட்டித் தன் இயந்திரத்தை நிறுத்தினார். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம்.

"வெல்வெட் விஷயத்துல இவங்கமேல தப்பு இல்ல," என்றார் மேடம். "நான்தான் சரியா விசாரிக்காம விட்டுட்டேன். ஸாரி."

யாரும் கைதட்டவில்லை. மேடம் படியேறிப் போனார், இயந்திரம் மறுபடி ஓடியது, அக்கா தன் ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போய் விளக்கைப் போட்டார். அவர் இல்லாத நாட்களில் மேசைமேல் சேர்ந்திருந்த துணியைப் பார்த்து, "அடப்பாவிகளா" என்றார்.

அதோடு அக்கா சிங்கமாக மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். நாற்காலியிடம் இன்னமும் ஸாரி சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பட்டப்பெயரும் மாறவில்லை. ஒன்று மட்டும் மாறியது. யாராவது எதையாவது கேட்டால் பதிலுக்கு முன் ஒரு சின்ன இடைவெளி விழும். அந்த இடைவெளியில் அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். 'நான் செய்ததா?' என்று. அவர் செய்ததாக இருந்தால் ஸாரி வரும். இல்லையென்றால், "இல்லையே" என்பார். அவ்வளவுதான். ஆவிக்கும் அவருக்கும் சில வாரம் பேச்சு ஒட்டவில்லை. பிறகு ஒருநாள் ஆவி ஒரு பட்டுச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "தங்கச்சி, இது எவ்வளவு சூடு தாங்கும்?" என்று கேட்டார். அக்கா துணியை விரலால் தேய்த்துப் பார்த்துச் சொன்னார்.

போன மாதம் அக்கா கண்ணாடி போட ஆரம்பித்திருக்கிறார். ஊசியில் நூல் கோக்கவும் தூரத்துப் பலகையைப் படிக்கவும் கண் சிரமப்பட்டும் வெகுநாளாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரோடு கடைக்குப் போனாராம். கடைக்காரர் இவரைப் பார்த்ததும் பழுப்பு நிற ஃபிரேம் ஒன்றை எடுத்து நீட்டி, "உங்க வயசுக்கு இதுதாம்மா எடுப்பா இருக்கும், உறுத்தாது" என்றிருக்கிறார். அக்கா அதைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றினார். மேல் வரிசையில் இருந்த சிவப்பைக் காட்டினார்.

"அது சின்னப் பொண்ணுங்க போடறதும்மா."

"எடுங்க, பார்க்கறேன்."

போட்டுக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினார். அவர் இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "கிரேன் மேலேர்ந்து பார்த்தாலும் தெரியும்" என்றாராம். அது பாராட்டா இல்லையா என்று அக்காவுக்கு இன்னும் தெளிவில்லை. சிவப்பிலேயே லென்ஸ் போட்டு வாங்கிக்கொண்டார். கடையைவிட்டு வந்ததும் தெருவின் இரண்டு பக்கமும் இருந்த பெயர்ப்பலகைகளையெல்லாம், அடியில் சின்ன எழுத்தில் இருந்தது உட்பட, ஒன்று விடாமல் உரக்கப் படித்துக்கொண்டே பேருந்து நிறுத்தம்வரை நடந்தாராம்.